எண்ணுதலும் எண்ணிப் பார்த்தலும்

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு எனக் கணக்கிடுவதும் எண்ணுதலே. ஒன்றைக் குறித்து மனத்தால் ஆராய்வதும் எண்ணுதலே. கணக்கும் கருத்தும் ஒரே சொல்லின் இரு கிளைகளாக நிற்கும் இம்மொழியில், எண்ணிக் கணக்கிட்டவன் எண்ணிப் பார்க்கவும் கடமைப்பட்டவன் என்று கொள்வது பிழையாகாது. ஆயினும் உலக வாழ்வில் இவ்விரண்டும் பலகாலும் பிரிந்தே நடக்கின்றன. மனிதரைக் கணக்கிடுவோர் அம்மனிதரைப் பற்றிச் சிந்திப்பதில்லை. இப்பிரிவு எங்கே தொடங்குகிறது? சிறுவரின் விளையாட்டிலேயே தொடங்கிவிடுமோ? விளையாட்டில் செய்யும் தீமை தீமையாகுமா என்பது பழைய வினா. அவ்வினாவை ஆராய்வதற்கு, நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறு கணினியும் அதற்கென எழுதப்பட்ட விளையாட்டுகளும் நல்ல களமாக அமைகின்றன.

அக்கணினியின் பெயர் பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம், பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் கணினிக் கல்வித் திட்டத்திற்காக 1981ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை வெளியிட்டது. எட்டு பிட் கணினி வகையைச் சேர்ந்தது அது. அதன் ‘பி’ மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அந்நினைவகம் தாங்காது. பிரிட்டனின் பள்ளிகளில் அது பெருவழக்காயிற்று. இந்திய அரசும் 1984-85ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ என்னும் பெயரால் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்திற்கு இக்கணினியையே தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 250 பள்ளிகளில் வைத்தது. கற்பிக்க வந்த கருவியே விளையாடவும் இடந்தந்தது. முட்டைகளைப் பொறுக்கும் ‘சக்கி எக்’, உருளும் பாறைகளுக்கிடையே வைரம் தேடும் ‘ரெப்டன்’ என விளையாட்டுகள் பெருகி ஒரு நூலகமாகவே திரண்டன. அக்கணினியின் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆயிற்று. எனினும் பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருள்கள் இன்று உள்ளமையால், அந்நூலகம் அழியாமல் நிற்கிறது. நெகிரி செம்பிலானில் சிலியாவிலோ பகாவிலோ உள்ள தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் விரும்பினால், இன்று மாலையே அதன் கதவைத் திறக்கலாம். அவன் அங்கே காணக்கூடிய இரண்டு விளையாட்டுகள் இவ்வாராய்ச்சிக்குப் போதும்.

முதலாவது, கணினியுடன் வழங்கப்பட்ட அறிமுக ஒலிநாடாவில் இருந்த மஞ்சளாற்று அரசு விளையாட்டு. ஆடுபவன் ஆற்றங்கரைச் சிற்றூர்களின் ஆட்சியாளன். வெள்ளம் வரும், கள்வர் வருவர், பசியும் வரும். கரையைக் காக்க எத்தனை பேர், வயலில் உழைக்க எத்தனை பேர், ஊரைக் காக்க எத்தனை பேர் எனப் பருவந்தோறும் அவன் மக்களைப் பிரித்தனுப்ப வேண்டும். கரைக்கு ஆள் குறைந்தால் வெள்ளம் ஊரைக் கொள்ளும். வயலுக்கு ஆள் குறைந்தால் பஞ்சம் வரும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மாண்டோர் தொகையைக் கணினி அறிவிக்கும். இங்கேயும் மக்கள் வெறும் எண்களே. ஆனால் அந்த எண் ஆள்பவனின் மனத்தைச் சுடுகிறது. தன் கணக்குப் பிழைத்தால் பிறர் உயிர் போகும் என்பதை அது உணர்த்துகிறது.

இரண்டாவது, ‘எலீட்’. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களாகிய டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இருவர் எழுத, 1984ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அச்சிறு நினைவகத்துள் எட்டு விண்மீன் மண்டலங்களையும், மண்டலத்திற்கு 256 உலகங்களையும் அவர்கள் அடக்கினர். உலகங்களை ஒவ்வொன்றாக எழுதிச் சேமிக்காமல், சில எண்களை வித்தாக வைத்து வேண்டும்போது கணித்தெடுக்கும் வழியை அவர்கள் கையாண்டனர். ஆலவித்தினுள் ஆலமரம் அடங்கியிருப்பதைப் போன்றது அவ்வழி. ஆடுபவனிடம் ஒரு விண்கலமும் நூறு வெள்ளிக்கு ஒப்பான சிறு முதலும் இருக்கும். ஓர் உலகில் வாங்கி மற்றோர் உலகில் விற்றுப் பொருளீட்டலாம், கொள்ளையடித்தும் ஈட்டலாம். இப்படித்தான் வாழவேண்டும் என்று விளையாட்டு கட்டாயப்படுத்துவதில்லை. இவ்வுரிமையே அதன் புகழுக்குப் பெருங்காரணம்.

வாணிகப் பொருள்களின் பட்டியலில் உணவும் துணியும் முதலில் நிற்கின்றன. பின்னர் மது, கணினி, பொன் முதலியன வருகின்றன. அவற்றினிடையே, நான்காவது வரிசையில், அடிமைகள் என்றொரு சரக்கும் உண்டு. அதன் அளவு தலைக்கணக்கில் இல்லை; உணவைப் போலவே டன் கணக்கில் இருக்கிறது. அதன் விலை ஏழை வேளாண் உலகங்களில் குறைவு. செல்வம் மிக்க தொழில் உலகங்களில் கூடுதல். ஆகவே ஏழை ஊரில் ஏற்றிச் செல்வர் ஊரில் இறக்குபவனுக்கு இலாபம் கிடைக்கும்.

இதனை விளையாட்டு முற்றும் ஒப்புக்கொள்கிறது என்று கூறிவிட இயலாது. அடிமைகள், போதைப்பொருள், படைக்கலம் ஆகிய மூன்றும் தடைசெய்யப்பட்டவை. இவற்றுடன் நிலையத்தைவிட்டுப் புறப்படுபவன் குற்றவாளியாகிறான். அவன் குற்றத்தை அளக்கும்போது கணினி, படைக்கலத்தைப் போல் இருமடங்காக அடிமையை மதிக்கிறது. போதைப்பொருளையும் அதே அளவில் மதிக்கிறது. ஆயின் அவன் வேறொரு விண்மீனுக்குப் பாய்ந்தால் அக்குற்றக் கணக்குப் பாதியாகக் குறைகிறது. மீண்டும் பாய்ந்தால் மீண்டும் பாதியாகிறது. உடைந்த கலத்திலிருந்து உயிர் தப்பி விண்வெளியில் மிதக்கும் ஒருவனை அவன் தன் கலத்துள் ஏற்றிக்கொண்டால், காப்பாற்றப்பட்டவன் விருந்தினனாக வருவதில்லை. சரக்குப் பட்டியலில் அடிமை ஒரு டன் கூடுகிறது. ஆடுபவனின் தகுதிப் பெயர் உயர்வதோ அவன் நேர்மையால் அன்று. அவன் வீழ்த்திய கலங்களின் எண்ணிக்கையால்.

‘இஃது ஒரு விளையாட்டுத்தானே? யார் துன்புற்றார்?’ என்று கேட்பார் உளர். அவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் அறமாகாது. ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தின்கிறது. சதுரங்கத்தில் அரசனைக் காக்கக் காலாளைப் பலியிடுகிறோம். இவற்றை ஆடி வளர்ந்தோர் எவரும் கொலைஞர் ஆகிவிடவில்லை. கட்டையும் கல்லும் தம்மை மனிதர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆகவே அங்கே எவரும் அவமதிக்கப்படுவதும் இல்லை. மேலும், தவறு செய்ய இடமே இல்லாத இடத்தில் ஒருவன் நல்லவனாயிருப்பதில் என்ன சிறப்பு உண்டு? அடிமை வாணிகம் செய்ய இயலும் நிலையில் அதனைச் செய்யாது விடுபவனே தெரிந்து நல்வழி நிற்பவன். அவ்வகையில் எலீட், பல நீதிக்கதைகளைவிட ஆடுபவனை மதிக்கிறது எனலாம்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சுகிறது. ‘அடிமை’ என்பது கல்லைப்போல் வரலாறற்ற குறியன்று. மெய்யாகவே விற்கப்பட்டோரின் பெயர் அது. அப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் முகத்தை விட்டுவிடும்போது, தீமை இன்னதென்று தெரியாமலே தீமைக்குக் கை பழகுகிறது. கணினிக்குத் தானியமும் மனிதனும் நினைவகத்தின் இரு சிறு அறைகளில் கிடக்கும் இரு எண்கள். அதற்கு அவ்வேற்றுமை தெரியாதது குற்றமன்று. தெரிந்தவன் மறப்பதே குற்றம்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வேர்கொண்ட குடும்பங்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. அவர்தம் முன்னோர் அடிமைகளாக வந்தவர் அல்லர் என்பதை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இலேயே இயற்றப்பட்டது. ஆனால் அதன்பின் எழுந்த ஒப்பந்த முறையில், வேலையைவிட்டு ஓடிப்போவது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. அம்முறைக்கு மலாயாவில் 1910இல் முடிவு கட்டப்பட்டது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தம்மிடம் வேலைசெய்த ஆள்களின் கணக்கிற்கேற்ப அதற்குப் பணம் செலுத்தினர். அப்பணம் புதிய ஆள்களின் கப்பற்செலவுக்குப் பயன்பட்டது. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவிச்செலவில் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்யும்வரை அவ்வழி திறந்திருந்தது. வறண்ட வேளாண் ஊரில் ஆளின் விலை குறைவு. இரப்பர் விளைந்த செல்வ நாட்டில் அவன் உழைப்பின் பயன் மிகுதி. விளையாட்டின் விலைவிதியை எழுதிய இளைஞர் இத்தோட்டங்களை நினைத்து எழுதியிருக்க வேண்டுவதில்லை. எனினும் அவ்விதி இங்கே வாழ்ந்து காட்டப்பட்டது.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கள் வரிசையாய் நிற்பர். கிராணியார் செக்ரோலில் பெயரைக் குறிப்பார். அங்கே எண்ணுவது தேவை. எண்ணாவிட்டால் கூலி இல்லை. செக்ரோலில் பெயர் விடுபட்டவன் வீட்டில் அன்று அடுப்பு எரிவது கடினம். ஆகவே மனிதரை எண்ணுவதே தீது என்று சொல்லல் பொருந்தாது. பள்ளியின் வருகைப் பதிவேடும் எண்ணுவதுதான். கொடுப்பதற்காக எண்ணும் எண் ஒன்று. கொள்வதற்காக எண்ணும் எண் மற்றொன்று. முன்னது மஞ்சளாற்று அரசில் காண்பது; பின்னது எலீட்டின் சரக்கறையில் காண்பது. ஒரே கணினியில், ஒரே வகை எண்ணால், இரண்டும் எழுதப்பட்டன என்பதே இங்குக் கருதத்தக்கது. வேற்றுமை எண்ணில் இல்லை. எண்ணுவோன் நோக்கில் இருக்கிறது.

தமிழாசிரியர்க்கு இங்கே ஓர் இலக்கணச் செய்தி நினைவுக்கு வரும். மக்களை உயர்திணை என்றும், மக்களல்லாதவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் பகுத்தது. அதே கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் சில தொகுத்துக் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ‘அடிமை’ என்பதும் ஒன்று. ‘அரசு’, ‘குழவி’ ஆகியவையும் அத்தொகுதியில் உள்ளமையால், இலக்கணம் இழிவு கருதி அவ்வாறு கூறவில்லை என்பது தெளிவு. சொல்லின் வடிவமே அங்குப் பேசப்படுகிறது. ஆயினும், சொல் அஃறிணையாய் முடிந்தாலும் அது குறிக்கும் பொருள் உயர்திணையே என்பதை நினைவில் வைக்குமாறு அந்நூற்பா நம்மைப் பணிக்கிறது. வணிகப் பட்டியல் மறந்த ஒன்றை இலக்கணம் மறக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்கது யாது? விளையாட்டைத் தடை செய்வதால் பயனில்லை. தடுக்கப்பட்டது மறைவில் ஆடப்படும். மறைவில் ஆடப்படுவதைப் பற்றி உரையாட இயலாது. அடிமைச் சரக்கை விற்று இலாபங்கண்ட ஒரு மாணவன் மகிழ்ச்சியுடன் அதனைச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைக் கடிந்துகொள்ளுதல் எளிது. அதனினும் பயனுடையது, ‘ஒரு டன் என்றால் எத்தனை பேர், தம்பி?’ என்று கேட்பது. அவன் கணக்கிடத் தொடங்குவான். பதினைந்தோ இருபதோ என்பான். ‘அவர்களுள் சிறுவர் எத்தனை பேர்?’ என்று அடுத்துக் கேட்டால், அவன் சற்றே நிற்பான். அவ்விடத்தில் அவன் பாட்டனாரின் கப்பலைப் பற்றி ஆசிரியர் பேசத் தொடங்கலாம்.

அப்பேச்சு பழங்கதையோடு முடிந்துவிடவும் கூடாது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. அவர்கள் விட்டுச்சென்ற வேலையை இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் செய்கின்றனர். அவர்களுள் பலர் முகவர்க்குக் கொடுத்த பணத்திற்காகக் கடன்பட்டு வந்தவர். ஒரு காலத்தில் எண்ணப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுள் சிலர் இன்று எண்ணும் இடத்தில், மேலாளராகவும் கணக்கராகவும் ஆள்சேர்க்கும் முகவராகவும் இருக்கின்றனர். கடல் கடந்ததாலோ தலைமுறை கடந்ததாலோ கடமை பாதியாகக் குறைந்துவிடுவதில்லை. அவ்வசதி விளையாட்டில் மட்டுமே உண்டு.

விளையாட்டில் செய்யும் தீமை தீமையாகுமா என்னும் வினாவிற்கு இவ்வளவில் விடை கூறலாம். விசையை அழுத்திய விரலில் தீமை இல்லை. அழுத்திய பின், தான் விற்றது எதனை என்று ஒருமுறையும் கேளாத மனத்தில் தீமை வித்தாகக் கிடக்கிறது. சில எண்களாகிய வித்திலிருந்து ஈராயிரத்துக்கு மேற்பட்ட உலகங்கள் விரிவதை அக்கணினி காட்டியது. கேளாமையாகிய வித்திலிருந்தும் ஓர் உலகம் விரியும். அதனை முளையிலேயே காண்பது ஆசிரியர் கடமை. மாணவனுக்கு எண்ணக் கற்பிக்கும் அவரே எண்ணிப் பார்க்கவும் கற்பித்தல் வேண்டும்.