இரண்டு திருகாணிகள்

கொடைக்கானலில் இரண்டு இரவு தங்கினோம். காட்டேஜ் சுவரெல்லாம் பூஞ்சை, கம்பளியில் ஈர வாடை, கீசர் வேலை செய்யவில்லை. அவையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டன. குளியலறை ஜன்னல் திட்டில், தேங்காய் எண்ணெய் பாட்டில் மூடிக்குள் கிடந்த இரண்டு திருகாணிகள் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

கதவுத் தாழ்ப்பாள் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதிலிருந்து விழுந்தவை. எங்களுக்கு முன்னால் தங்கிய யாரோ பொறுக்கி, பத்திரப்படுத்தியிருக்கிறார். வாட்ச்மேனைக் கேட்டேன். “ஓனர்கிட்ட சொல்லியாச்சு சார். ஆள் அனுப்புறேன்னாரு.” எப்போது என்று கேட்கவில்லை. திருகாணியில் துரு ஏறியிருந்தது. வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத்தான் குளித்தோம்.

2,100 மீட்டர் உயரம். மூடுபனியில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். ஓட்டை அகன்று திருகாணி பிடி விடும். வைத்தியம் எனக்குத் தெரியும். அப்பா ஓட்டைக்குள் இரண்டு தீக்குச்சியைச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிட்டு, அதன்மேல் முடுக்குவார். விருந்துக்குப் போன வீட்டிலும் ஆடுகிற நாற்காலியைக் கண்டால் கை சும்மா இருக்காது. “வந்த எடத்துல மானத்த வாங்காதீங்க” என்று அம்மா பல்லைக் கடிப்பாள். அத்தையோ அவர் வரட்டும் என்று ரிப்பேர்களைச் சேர்த்து வைத்திருப்பாள்.

தீப்பெட்டி மெழுகுவர்த்திக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸ்க்ரூடிரைவர் கார் டிக்கியில். ஐந்து நிமிட வேலை, செய்யவில்லை. ஓர் இரவுக்கு 4,500 ரூபாய் கொடுத்தவன் எதற்குச் செய்ய வேண்டும்? இது என்ன சத்திரமா?

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் சத்திரங்களைப் பற்றி 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தை எப்போதோ படித்திருக்கிறேன். வழிப்போக்கர்களுக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, குழந்தைகளுக்குப் பால் என்று நீளும். தாழ்ப்பாளை யார் முடுக்கினார்கள் என்று அதில் படித்த நினைவில்லை. காசு கொடுக்காமல் தங்கியிருந்தால் நான் முடுக்கியிருப்பேனோ? கொடுத்த காசுதான் கையைக் கட்டியதா, இல்லை வெறும் சோம்பேறித்தனத்துக்கு நியாயம் தேடுகிறேனா?

கிளம்பும்போது ஓனருக்குப் போன் போட்டுக் கத்தினேன். 1,000 ரூபாய் திருப்பி அனுப்பினார். எனக்கு வர வேண்டிய பணம்தான் என்று பாதி நாள் தோன்றுகிறது. மீதி நாள் அப்பா நினைவுக்கு வருகிறார்.

திருகாணிகளை அந்த மூடியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.