மேற்கோளும் அமானிதமும்

1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள், ஆதாரக் குறிப்புகளை வரிசை எண்ணிட்டு எழுதும் முறைக்கு அடிகோலினர். பெயர், தலைப்பு, ஆண்டு, பக்கம் யாவும் அதில் ஒழுங்குபெறும். ஆயின், ஒழுங்கான குறிப்பெல்லாம் உண்மையான குறிப்பாகிவிடுமா?

மருத்துவமனையில் அபின்வகை மருந்து பெற்ற 11,882 பேருள், முன்பு போதைப் பழக்கமில்லாதோரில் நால்வரே அதற்கு அடிமையாயினர் என்றது, 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம். அதனை மேற்கோள் காட்டிய 608 எழுத்துகளை 2017இல் ஆராய்ந்தனர். அவற்றுள் 491, அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதையே கூறவில்லை! வட அமெரிக்காவின் போதைத் துயருக்கு இதுவும் துணைபோயிற்று என்பது அவ்வாய்வாளர் முடிவு.

பிறர் சொல் நம்மிடம் அமானிதம். மூலத்தை வாசித்து, அதன் எல்லையோடு எடுத்துரைப்பதே அறிஞர் கடமை. புள்ளி பிழைத்தால் இதழாசிரியர் திருத்துவார். பொருள் பிழைத்தால் நோயாளியின் உயிரன்றோ ஈடாகும்?