ஆயாவின் நேரத்துக்கும் கூலி உண்டு

2018 பிப்ரவரியில் பினாங்கு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டிலிருந்து மீட்கப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண் மறுநாளே மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் வாசல் தாழ்வாரத்தில் நாயோடு படுத்துறங்கினார் என்று வெளிவந்த செய்தி மலேசியாவை உலுக்கியது. 2022 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் முதலாளியின் விடுதலையை உறுதிசெய்தபோது பலர் மனம் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் அடி உதை எதுவும் இல்லாத, அன்பாகப் பேசிப் பழகும் வீடுகளிலும் ஓர் அநீதி நடக்கிறது. பிள்ளை பார்க்கும் பெண் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு விடுபடுவார், நேரம் கடந்தால் என்ன தரப்படும் என்பதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அவருடைய நேரத்தைக் கணக்கிட்டுக் கூலி தருவது பெற்றோரின் கடமை. அந்தப் பேச்சை முதலில் எடுக்க வேண்டியவர்களும் அவர்களே.

நம் மந்தின் வட்டாரத் தமிழர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய காலத்தில் தாய்மார்கள் விடியுமுன் தூங்கும் பிள்ளையைத் தூக்கிவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடினார்கள். கொட்டகையில் வசதி குறைவு, ஆயாவின் கூலியும் சொற்பம். ஆயினும் அந்த ஆயாவுக்குத் தோட்ட நிர்வாகம் கூலி கொடுத்தது; பிள்ளையைப் பார்ப்பதும் வேலைதான் என்பதைத் தொழிலாளியைக் கசக்கிப் பிழிந்த துரைமாரே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வழியாக நம் முன்னோர் கேட்டவையும் நிச்சயமான சம்பளமும் வரையறுத்த வேலையும்தான். இன்று தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கோ செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடும் இல்லை, சங்கமும் இல்லை.

சட்டத்தை நம்பியும் இருக்க முடியாது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 45 மணிநேரமாகக் குறைந்தது; வீட்டுப் பணியாளருக்கு அந்த வரம்பு பொருந்தாது. வார ஓய்வுநாள், மிகைநேரப் படி, பேறுகால விடுப்பு பற்றிய பிரிவுகளும் அவரைச் சேரா. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபோதும் அவர் விலக்கப்பட்டார். 2021 ஜூன் முதல் பெர்கேசோ சமூகப் பாதுகாப்பில் வீட்டுப் பணியாளரைச் சேர்த்தது ஒன்றே ஆறுதல். அண்டை வீட்டுப் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். அவரைத் தொழிலாளி என்றே யாரும் எண்ணுவதில்லை. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது. காலை ஆறரைக்குப் பிள்ளையை விட்டு மாலை ஆறரைக்கு அழைத்துப்போனால் அது பன்னிரண்டு மணிநேர வேலை. மாதம் இருபத்திரண்டு நாளுக்கு 264 மணி. மணிக்கு 8.72 ரிங்கிட் என்ற குறைந்தபட்சக் கணக்கில் பார்த்தாலே 2,300 ரிங்கிட்டைத் தாண்டும்.

"அவர் எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி, அவரிடம் போய் மணிக்கணக்குப் பேசுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பாசம் நல்லதுதான். ஆனால் பாசத்தின் பெயரால் யாருடைய மாலைநேரம் கரைகிறது என்று பார்க்க வேண்டும். பெற்றோர் ஒருமணி நேரம் தாமதமாக வரும்போது பொறுத்துக்கொள்வது எப்போதும் ஆயாதான். பிள்ளையைப் பார்க்க வந்தவர் துணி மடிக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், சமைத்தும் வைக்கிறார். தீபாவளி விடுமுறையில் சம்பளம் வெட்டப்பட்டாலும் மனத்தாங்கல் வரக்கூடாதென்று வாய்திறக்காமல் இருக்கிறார். வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் தானே முன்வந்து பேரம் பேசுவார் என்று எதிர்பார்ப்பது எப்படி நடுவுநிலை ஆகும்? நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கூடுதலாக வாங்கவும் குறைத்துக் கொடுக்கவும் நாணியவர்கள் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. தொழிலாளியின் ஒப்பந்தம் அண்டை அயலாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கூலி பேசப்படாவிட்டால் வேலைக்கும் காலத்துக்கும் ஏற்பத் தர வேண்டும் என்பது அர்த்தசாஸ்திர விதி. கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். வியர்வை உலருமுன் கொடுத்துவிடச் சொன்னார் நபிகள் நாயகம். இத்தனை மரபுகள் ஒரே பக்கம் நிற்கும்போது நமக்கு வேறு சாக்கு ஏது?

பெற்றோரின் கையும் இறுக்கமானது என்பது உண்மை. இரண்டாயிரம் மூவாயிரம் சம்பாதிக்கும் குடும்பம் 2,300 ரிங்கிட்டை ஒற்றையாகத் தாங்காது. ஆனால் அந்தச் சுமையைத் தன்னைவிட எளியவர் தோளில் ஏற்றுவதற்கு அது காரணமாகாது. மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் பங்கு எண்ணூறுக்குள் அடங்கும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரானால்தான் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பராமரிப்பு மையமாகப் பதிய வேண்டும். இப்படிச் சேர்வதும் முடியாவிட்டால் நேரத்தைக் குறைத்துக் கேளுங்கள், வேலையிடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்று முதலாளியிடம் போராடுங்கள். இந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்கும் நாளிலேயே பிள்ளை பார்க்கும் அம்மாவை உட்காரவைத்து, வரும் நேரம், விடும் நேரம், தாமதத்துக்கான தொகை, நோய்நாள், பண்டிகை விடுப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதன் நகலை அவர் கையில் கொடுங்கள்.