அரங்குக்குத் தேதி, வீட்டுக்குத் தவணை

2009 ஜூன் 2 அன்று கோல திரங்கானுவில் சுல்தான் மிசான் ஜைனல் அபிடின் அரங்கத்தின் கூரை சரிந்தது. 2008 சுக்மா விளையாட்டுப் போட்டிக்காக எழுப்பிய அரங்கம் அது. 50,000 பேர் அமரலாம். திறந்து ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. ஆட்டம் எதுவும் நடக்காத நேரமாகப் போனதால் உயிர்கள் தப்பின. வடிவமைப்பிலும் குறை, வேலைத் தரத்திலும் குறை என்றது விசாரணைக் குழு. 2013 பிப்ரவரியில், சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது இன்னொரு பகுதி விழுந்தது. அங்கே வேலையில் இருந்த தொழிலாளர்கள் ஐவர் அடிபட்டார்கள்.

சிலாங்கூரின் கதையில் இடிபாட்டுச் சத்தம் இல்லை, துருதான் உண்டு. ஷா ஆலாம் அரங்கம் 1994-இல் திறந்தபோது 80,000 பேர் கொள்ளும் பெருமிதமாக இருந்தது. 1997 உலக இளையோர் கிண்ண இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா உருகுவேயை வென்றது அந்தப் புல்லில்தான். 2020-இல் கூரை ஆபத்தானது என்று மூடினார்கள். பிறகு இடித்தே விட்டார்கள். இருபத்தாறு வயதில் ஓய்வு பெறும் கட்டடத்துக்கு முதுமை என்ற காரணம் பொருந்தாது.

பொதுப் பணத்தில் இப்படிப்பட்ட அரங்கங்கள் தேவையா? உலு சிலாங்கூரின் புக்கிட் பெருந்துங் பக்கம் இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்: “குடியிருக்க வீடில்லாதவனுக்கு அரங்கம் எதுக்கு?” நியாயமான கோபம்தான். ஆனால் தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்க வேண்டும். லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், பிரட்டுக் களம், அதைத் தாண்டி ஒரு திடல் என்பதுதான் தோட்டத்தின் அமைப்பு. விடியலில் பால்வெட்டப் போன கால்கள் மாலையில் அந்தத் திடலில் பந்தை உதைத்தன. பக்கத்துத் தோட்டத்துக் குழு லாரியில் வந்து இறங்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் கச்சான் விற்பவரும் வந்துவிடுவார். கூலியாள் என்ற பெயர் அந்த ஒன்றரை மணி நேரம் மறந்துபோகும். அந்த மகிழ்ச்சியை ஆடம்பரம் என்று தள்ளுகிறவர், ஏழைக்குச் சோறு போதும் என்று சொல்கிறவரின் பக்கத்தில் போய் நிற்கிறார். வசதியுள்ளவர்களுக்குக் கோல்ஃப் திடல் உண்டு. மற்றவர்களுக்குக் கேலரிச் சீட்டாவது வேண்டும்.

ஆகவே அரங்கம் கட்டுவதில் பாவமில்லை. சிக்கல் அரசு எதற்கு அவசரப்படுகிறது என்பதில் இருக்கிறது.

அவசரமும் தன்னளவில் குற்றமில்லை. கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கம் ஓராண்டுக்குள் எழுந்தது. சுதந்திரப் பிரகடனத்துக்கு முதல் நாள், 1957 ஆகஸ்ட் 30-இல் திறந்தார்கள். பொதுப்பணித் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ் நேரடியாகப் பொறுப்பேற்று நின்றார். விளக்குக் கோபுரங்களுக்கு நேரமில்லை என்று கைகட்டி நிற்காமல், கான்கிரீட் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிக் கோபுரமாக்கினார்கள். அந்த அரங்கம் இன்றும் நிற்கிறது. கெடுவின் நெருக்கடி அங்கும் இருந்தது. ஆனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இருக்கவில்லை. வரைந்தவர் ஒருவர், கட்டியவர் ஒருவர், பார்த்துக் கையெழுத்திட்டவர் இன்னொருவர் என்று பொறுப்பு பல கைகளுக்குப் பிரியும்போது, கூரை விழுந்த பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட முடியும். குறை கண்டுபிடிப்பது விசாரணைக் குழுவின் வேலை. கணக்குத் தீர்ப்பது யாருடைய வேலை?

விளையாட்டுப் போட்டிக்குத் தேதி உண்டு. அழைப்பிதழ் அச்சாகிவிடும், கொடியேற்ற விருந்தினர் வந்துவிடுவார். அதனால் கோப்புகள் ஓடும். தோட்டத்து வீட்டுக்கு அப்படி ஒரு தொடக்க விழாத் தேதி கிடையாது. புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். காத்திருந்த முதியவர்கள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 2023 வரவு செலவுத் திட்டத்தில்தான் மத்திய அரசு அதற்கு 40 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. வீடு 245 குடும்பங்களுக்கு. அதே வட்டாரத்தில், 1997 நிதி நெருக்கடியில் பாதியில் நின்ற குடியிருப்புகளின் செங்கல் சுவர்களில் காட்டுச்செடி முளைத்ததைப் புக்கிட் பெருந்துங் பார்த்திருக்கிறது. பணம் கட்டியவர்கள் கட்டியதோடு நின்றார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும். அரங்கம் மாநிலத்தின் காரியம், தோட்ட வீடு மத்திய அரசும் தனியார் நிறுவனமும் சேர்ந்து தீர்க்க வேண்டியது, இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்பார்கள். சரிதான். ஷா ஆலாமில் ஒரு வெள்ளி மிச்சம் பிடித்தால் அது புக்கிட் தாகாருக்கு நடந்து வந்துவிடாது. அரங்கத்தால் வீடு போயிற்று என்று சொல்வது மேடைப் பேச்சுக்கு உதவும், வழக்குக்கு உதவாது. ஆனால் காத்திருக்க வைப்பதும் ஒரு செலவுதான். அந்தச் செலவை எந்த அரசும் தன் ஏட்டில் எழுதுவதில்லை. காத்திருப்பவரின் ஆயுளில் எழுதிவிடுகிறது. போட்டி ஒரு மாதம் தள்ளிப்போனால் மானம் போகும் என்று பதறுகிறவர்கள், வீடு பத்தாண்டு தள்ளிப்போவதை நடைமுறை என்கிறார்கள். எந்தப் பணப்பையிலிருந்து காசு வந்தாலும் இந்த அளவுகோல் மாறுவதில்லை.

புதிய ஷா ஆலாம் விளையாட்டு வளாகத்தை எம்ஆர்சிபி நிறுவனம் கட்டுகிறது. ஈடாக மாநிலம் நிலம் தருகிறது. மாநிலக் கருவூலத்திலிருந்து ரொக்கம் போகவில்லை என்ற சமாதானம் இதில் எளிதாகக் கிடைத்துவிடும். நிலம் காசில்லையாம்! தோட்டத்து மக்களிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர்கள் தலைமுறைகளாக உழைத்த மண், ஏக்கர் கணக்கில் கைமாறி, வீட்டு மனையாகச் சதுர அடி கணக்கில் விற்பனையானதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். நிலத்தின் விலை எப்போது எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த நிலத்தின் மதிப்பைக் கணித்தவர் யார், எந்த ஆண்டு விலையில் என்பது உலு சிலாங்கூர்க்காரருக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும். அவரும் அந்த நிலத்துக்குப் பங்காளி. புதிய கூரைக்கு ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்பதையும் அடிக்கல் நாட்டும்போதே சொல்லலாம். பழைய கூரைக்கு அந்தத் தலைப்பில் ஆண்டுக்கு எவ்வளவு செலவானது என்று யாராவது சட்டமன்றத்தில் கேட்டால், புதியதுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்குக் கிடைக்கும்.