முத்திரை குத்தும் உரிமை

மரச்சாமான் பட்டறையில் வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு சிறு காரியம் மிச்சமிருக்கும். செய்தவர் பெயரை மரத்தில் பதிப்பதே அது. எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி அடிக்க வேண்டும். அச்சு சாய்ந்தால் எழுத்தில் ஒரு பாதி ஆழமாகவும் மறு பாதி மங்கலாகவும் விழும்; மறுபடி அடித்தாலோ எழுத்து இரட்டிக்கும். இதற்குப் பட்டறைக்காரர்கள் ஒரு வழி கண்டிருக்கின்றனர். கடினமான மரக்கட்டையில், அச்சு ஆடாமல் நுழையும்படி செங்குத்தாகத் துளையிடுவார்கள். கட்டையின் அடியில் ஓரமாக ஒரு சட்டத்தை அறைவார்கள். அந்தச் சட்டத்தைப் பலகையின் விளிம்போடு அணைத்து, துளையில் அச்சை இறக்கி அடித்தால், நூறு சாமானிலும் முத்திரை ஒரே இடத்தில் நேராக விழும். இதனை 'ஜிக்' என்பார்கள்.

நல்ல சாதனந்தான். ஆயினும் இதிலே ஒரு கேள்வி பிறக்கிறது. ஜிக் வந்தபின் முத்திரை குத்தத் தேர்ந்த கை தேவையில்லை. நேற்றுச் சேர்ந்த பையனும் குத்தலாம். அந்தச் சாமான் எப்படி உருவாயிற்று என்று கண்ணால் காணாதவனும் குத்தலாம். அப்படியானால் அந்த முத்திரை கூறும் சாட்சிக்குப் பொறுப்பாளி யார்?

பாரிஸ் நகரத் தச்சர் சங்கம் 1743-ஆம் ஆண்டு வகுத்த விதியின்படி, ஒவ்வொரு தச்சரும் தம் சாமானில் பெயர் முத்திரை குத்த வேண்டியதாயிற்று. சங்கத்தின் சோதனையாளர்கள் பார்த்து ஒப்புக்கொண்டவற்றில் சங்க முத்திரையும் விழுந்தது. அப்படியிருந்தும், பழுது பார்த்தவர்களும் வாங்கி விற்றவர்களுங்கூடத் தங்கள் பெயரைக் குத்தியதுண்டு. பெயரைக் கண்டதும் செய்தவர் இவரே என்று முடிவு கட்ட இன்றும் முடிவதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் சரக்கைத் தாங்கி நாடுவிட்டு நாடு போகும் மரப்பெட்டிகளைப் பாருங்கள். பூச்சி பரவாதிருக்க, மரம் அதன் நடுப்பகுதி வரையில் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது 2002-இல் ஏற்கப்பட்ட சர்வதேச விதி. அவ்வாறு சூடேற்றியதற்கு அடையாளம் மரத்தில் குத்தும் முத்திரையே. மரத்தின் உள்ளே சூடு ஏறியதா என்பதைத் துறைமுகத்தில் நிற்பவர் கண்டறிவது எப்படி? முத்திரையைத்தான் அவர் நம்புகிறார். அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

"இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளியே ஒவ்வொன்றையும் பார்த்துக் குத்த முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முடியாது, முடிய வேண்டிய அவசியமுமில்லை. கைவேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதில் குற்றமில்லை. ஆனால் அச்சைக் கொடுக்கும்போது அதனுடன் இன்னொன்றையும் கொடுக்க வேண்டும். கோணலாயிருக்கும் சாமானைக் கண்டால், "இதற்குக் குத்தமாட்டேன்" என்று ஒதுக்கி வைக்கும் உரிமையே அது. அந்த நஷ்டத்தை முதலாளி ஏற்க வேண்டும். ஒதுக்கியவனின் கூலியில் பிடிக்கலாகாது. பிடித்தால், அடுத்த முறை அவன் கண்ணை மூடிக்கொண்டு குத்துவான்.

மளிகைப் பொட்டலமோ, கைலியோ, மரப்பெட்டியோ, நம் பெயர் தாங்கிப் போகும் சரக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் கடையில் மார்க் ஒட்டும் பையனுக்கு, ஒட்டாமல் வைக்கும் உரிமை இருக்கிறதா? இன்று கடை அடைக்குமுன் அவனையே கேட்டுப் பார்ப்போமாக.