தானத்திற்கும் தரம் வேண்டாமா?

கேரளத்தின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில், 1568-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயத்தின் அருகே, சாரா கோஹன் என்ற மூதாட்டி நெடுங்காலம் கைத்தையல் கடை ஒன்றை நடத்தி வந்தார். 2019-இல் தமது 96-ஆவது வயதில் அவர் காலமானார். யூதர்கள் வழிபாட்டின்போது தலையில் அணியும் சிறு தொப்பிகளும், ஓய்வுநாள் விருந்தில் ரொட்டியை மூடிவைக்கும் பூவேலைத் துணிகளும் அந்தக் கடையின் சிறப்பு. முதுமையில் அவருக்கும் அவரது கடைக்கும் துணை நின்றவர் ஓர் இஸ்லாமிய அன்பர். வழிபாட்டிற்குரிய துணி என்றால், எந்தச் சமயத்தவருக்கும் அதில் கோணல் தையல் போட மனம் வராது.

இறைவனின் சந்நிதிக்குச் செல்லும் துணிக்கு நாம் காட்டும் இந்தக் கவனத்தை, ஓர் ஏழையின் உடலைப் போர்த்தச் செல்லும் துணிக்கும் காட்டுகிறோமா?

நம் நாட்டில் பல ஊர்களில் அன்பர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், பழைய புடவைகளையும் தையற்கடைத் துண்டுத் துணிகளையும் இணைத்துப் போர்வைகள் தைத்துக் குளிர்காலத்தில் எளியோருக்கு வழங்குகின்றனர். போற்றத்தக்க சேவை இது. ஆயினும் இதில் ஒரு கருத்து வேறுபாடும் எழுவதுண்டு. “அன்போடு கொடுப்பதுதானே முக்கியம்? தையல் சற்று முன்பின் இருந்தால் என்ன?” என்பர் சிலர். “நான்கு நாளில் பிரிந்துவிடும் போர்வையைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல்” என்பர் வேறு சிலர். நோக்கம் பெரிதா, தரம் பெரிதா என்பதே வினா.

பெறுபவரே அளவுகோல்

2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, கொச்சிப் பகுதியைச் சேர்ந்த லட்சுமி மேனன் ஒரு நற்பணியைத் தொடங்கினார். மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பு உடைகளைத் தைத்த இடங்களில் துண்டுத் துணிகள் கழிவாகக் குவிந்து கிடந்தன. அவற்றைப் பெண்களைக் கொண்டு சடைபோல் பின்னி, ஊசியும் நூலும் இன்றியே இணைத்துப் படுக்கைகள் ஆக்கினார். ‘சய்யா’ என்று பெயரிடப்பட்ட அந்தப் படுக்கை ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. சோப்பு நீரில் கழுவி மீண்டும் விரிக்கத்தக்கது. துணி மீந்துபோனது, அதற்குக் கொடுத்த கவனம் மீந்துபோனதன்று. ஒரு மனிதன் கால் நீட்டிப் படுக்க வேண்டும், தொற்றுக் காலத்தில் படுக்கை தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் தேவைகளுக்கு அது பொருந்தி நிற்கிறது. தானப் பொருளின் தரத்தை நிர்ணயிப்பது அதைப் பெறுபவரின் தேவையே என்பதை இதிலிருந்து அறியலாம்.

நசிகேதனின் கவலை

கடோபநிஷதத்தின் தொடக்கத்தில் வாஜசிரவஸ் தம் உடைமைகளை எல்லாம் தானம் செய்யும் வேள்வியை நடத்துகிறார். ஆனால் அவர் ஓட்டிவந்த பசுக்களோ பால் வற்றியவை. இனிக் கன்று ஈனும் வலிமையும் அற்றவை. சிறுவன் நசிகேதனின் உள்ளத்தில் அப்போது சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். இப்படிக் கொடுப்பவருக்கு எந்த நல்லுலகம் கிட்டும் என்று அவன் கலங்குகிறான். தந்தையின் கண் தமக்கு வரவிருக்கும் பலன்மீது இருந்தது. மகனின் கண்ணோ பசுவின்மீது இருந்தது. கொடுத்த பொருளே கொடுத்தவரின் நோக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பழநி மலைப்பகுதியை ஆண்ட பேகனை எண்ணிப் பாருங்கள். மயில் குளிரால் நடுங்குகிறது என்று கருதித் தன் போர்வையையே அதற்கு ஈந்தான். தோகையுள்ள பறவைக்குப் போர்வை தேவையா என்று அவன் ஆராயவில்லைதான். புலவர்கள் அதைக் கொடைமடம் என்றனர். ஆனால் அவன் கழித்து ஒதுக்கியதைத் தேடி எடுத்துக் கொடுக்கவில்லை, தனக்குரியதையே கொடுத்தான். ‘இந்தப் போர்வையை என் குழந்தைக்குப் போர்த்துவேனா?’ என்று தைப்பவர் தம்மையே கேட்டுக்கொண்டால், பேகனின் ஈரமும் நசிகேதனின் விவேகமும் ஒருங்கே வாய்க்கும்.

இழப்பு யாருக்கு?

நூல் நூற்பதை ஒரு வேள்வியாகவே கருதினார் காந்தியடிகள். ஆயினும் அன்போடு நூற்றது என்பதற்காக எந்த நூலையும் ஏற்கலாம் என்று அவர் விடவில்லை. 1925-இல் அவர் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் முதல் பிரிவு உறுப்பினர்கள், தாமே நூற்ற 1,000 கஜம் நூலை மாதந்தோறும் அளிக்க வேண்டும். அது நன்கு முறுக்கேறியதாகவும் சீரானதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. முறுக்கு குறைந்த நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். அதை இலவசமாக நூற்றவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஏழை நெசவாளியின் அன்றைய கூலிதான் குறையும்.

போர்வையும் அப்படியே. தையல் பிரிந்தால் நடுஇரவில் குளிரை அனுபவிப்பவர் தைத்தவர் அல்லர், பெற்றவர். கடையில் வாங்கியவர் குறைசொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். தானமாகப் பெற்றவர் வாய் திறக்க முடியாது. குறைசொல்ல இயலாதவருக்குச் செய்யும் பணியில்தான் நம் நேர்மை முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. மதிப்பின்றியும் இகழ்ச்சியோடும் தரும் தானத்தைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் தாமசம் என்று வகுப்பதை நாம் மறக்கலாகாது.

தரமும் கர்வமும்

தரத்திலும் ஓர் ஆபத்து உண்டு. “என் தையலைப் போல் யாருக்கு வரும்?” என்ற எண்ணம் எழுந்தால் சேவை ராஜசமாகிவிடும். கை நடுங்கும் ஒரு மூதாட்டி ஆசையோடு தைத்துக் கொண்டுவந்ததை ‘சரியில்லை’ என்று பலர்முன் ஒதுக்குவது, கிழிந்த போர்வையைக் கொடுப்பதைவிடக் கொடுமையானது. அன்போடு பெற்றுக்கொண்டு, வேறொருவர் அமைதியாகத் திருத்திவிடலாம். துணி துவைத்தல், தரம் பிரித்தல், அளவாக வெட்டுதல், மடித்துக் கட்டுதல் என எல்லோருக்கும் ஏற்ற பணிகள் இருக்கின்றன.

நாம் தைத்ததை ஒருவர் பிரித்துத் தைக்கச் சொல்லும்போது நம் மனத்தைக் கவனிப்போம். ‘நல்லது, போர்வை இன்னும் உறுதியாகும்’ என்று மகிழ்ந்தால் நம் நோக்கம் தூயது. ‘என் வேலையில் குறையா?’ என்று வருந்தினால், அந்தப் போர்வையை இதுவரை நமக்காகவே தைத்திருக்கிறோம் என்று அறியலாம். கர்மயோகி துறப்பது பலனில் உள்ள பற்றை. செயலின் நேர்த்தியை அவன் துறப்பதில்லை.

கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைத்துச் சென்று முடித்தபின், நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ‘பூல்’ என்ற பூவை வைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முழுமை பெறாது என்பது அவர்களது மரபு. அந்தப் பூவால் குளிர் குறைவதில்லை. ஆனால் போர்த்திக்கொள்பவர் மதிப்பிற்குரியவர் என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

ஏழையின் உருவில் இறைவனே வருகிறான் என்று நம்புகிறவர்கள் நாம். அவனுக்குப் போர்த்தும் ஆடையில் ஒவ்வொரு தையலும் ஓர் அர்ச்சனை மலராகட்டும்.