தொட்டிச் செடியும் பிறவிக் குணமும்

ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த பாறைச் சரிவுகளில் எடல்வைஸ் என்னும் சிறுசெடி ஒன்று உண்டு. கடுவெயிலும் குளிர்காற்றும் தாங்குமாறு வெண்மயிர் போர்த்து, நிலத்தோடு ஒட்டிக் குறுகி நிற்பது அது. அதனைத் தாழ்நிலத்திற்குக் கொணர்ந்து எருவிட்ட தொட்டியில் வளர்ப்போர் ஓரிரு பருவத்தில் திகைக்கின்றனர். தண்டு நெடுகுகின்றது, வெண்மை குன்றிப் பசுமை தலைகாட்டுகின்றது. விற்றவன் ஏமாற்றினான் என்று சினப்பாரும் உளர். செடி அதுவேதான், மாறியவை மண்ணும் வானும்.

மியூனிக் நகரத் தாவரநூற் பேராசிரியர் நேகேலி, 1857 முதல் 1891இல் மறையுங்காறும் அந்நகரில் வாழ்ந்தவர். ஆல்ப்ஸ் மலையின் ஹையராசியச் செடிகளை அவர் அங்குள்ள தாவரத் தோட்டத்தில் நட்டார். முதல் ஆண்டிலேயே அவை அடையாளம் தெரியாவண்ணம் ஓங்கிக் கிளைத்தன. மீண்டும் வளமற்ற பரல் மண்ணுக்கு மாற்றியபோது, பழைய குறுவடிவையே எய்தின.

எனின், எல்லாம் மண்ணின் செயலேயோ? அங்ஙனம் கூறி முடித்துவிடல் சீர்திருத்தம் பேசும் நம்மனோர்க்கு இனிக்கும். உண்மை அத்துணை எளிதன்று. கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்னும் மூவர், ஒரே செடியைத் துண்டுகளாகப் பகுத்து, ஏறத்தாழ 100 அடி, 4,600 அடி, 10,000 அடி உயரங்களில் இருந்த மூன்று தோட்டங்களில் நட்டனர். 1940இல் வெளிவந்த அவர்தம் நூல் கூறுவது இது: ஒரே செடியின் துண்டுகள் இடத்திற்கேற்ப உருவில் வேறுபட்டன. ஆயினும் மலையுச்சிக் குலத்துச் செடி, கீழே வந்தும் தாழ்நிலச் செடியாகிவிடவில்லை. தாழ்நிலச் செடியோ உச்சியில் பிழைக்கவுமில்லை. பிறப்புக்கும் பங்கு உண்டு.

ஆனால், இது பிறவி வேற்றுமை, இது மண் வேற்றுமை என்று அவர்கள் பிரித்தறிந்தது எவ்வாறு? பாறையில் நின்ற குறுஞ்செடியைக் கண்ட மாத்திரத்தில் அன்று. ஒரே தோட்டத்தில், ஒரே வெயிலில், அருகருகே வளர்த்துப் பார்த்த பின்னரே.

நம்மிடையே சாதி பேசுவாரோ, ஒருவன் பிறந்த குடியைக் கேட்டவுடன் அவன் அறிவின் உயரத்தை அளந்துவிடுகின்றனர். கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்னும் பேச்சைத் தோட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி வைக்கப் பணித்தது. வைத்தனர். பலவிடத்தும் கொட்டகை ஒன்று. எல்லா வகுப்புக்கும் ஆசிரியர் ஒருவர். அங்கே பயின்றவனைப் பட்டணத்துப் பெரும்பள்ளி மாணவனோடு நிறுத்தி, பிறவிக் குறை என்று தீர்ப்பளிப்பது எந்த ஆராய்ச்சியோ?

மனிதன் செடியல்லன் என்பர். மெய்யே. செடியைத் துண்டாக்கி மூன்றிடத்தில் நடலாம். ஒரு பிள்ளையை அங்ஙனம் நட்டு ஒப்பிடல் இயலாது. ஆதலின் மனிதர் திறத்தில் தீர்ப்புக் கூறுவார்க்கு அம்மூவரினும் மிகுந்த அடக்கம் வேண்டும்.

அவர்களே 1948இல் அக்கிலியாச் செடியைப் பற்றி வெளியிட்ட நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஓரிடத்து விதைகளையே ஒரு தோட்டத்தில் வளர்த்தும் உயரம் ஒன்றாக இல்லை. மலைமேற் குலத்தின் நெட்டைச் செடி, அடுத்த கீழ்க்குலத்தின் குட்டைச் செடியினும் ஓங்கி நின்றது.